ஒரே கிட்டாரில் மெட்டும் கார்டும்: ஜாஸ் கார்டு மெலடி பழகத் தொடங்குபவர்களுக்கு

பாடகர் கிடையாது, பேஸ் கிடையாது, கீபோர்டும் கிடையாது. கையில் ஒரே ஒரு கிட்டார். அதில் மெட்டும் தெளிவாகக் கேட்க வேண்டும், அதன் அடியில் கார்டுகளும் நகர வேண்டும். ஜாஸ் கிட்டாரில் இதற்குக் கார்டு மெலடி என்று பெயர்.

சென்னையில் கிட்டார் கற்பவர்களில் பெரும்பாலானோர் யாராவது பாட, பின்னால் கார்டு அடித்துப் பழகியவர்கள். அதனால் கார்டு மெலடிக்கு வரும்போதும் தெரிந்த கார்டைப் பிடித்துக்கொண்டு, மிச்சமிருக்கும் விரலால் மெட்டைத் தேடுகிறார்கள். அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. வேலை நேர்மாறாக நடக்க வேண்டும். முதலில் மெட்டு எந்தக் கம்பியில், எந்த ஃப்ரெட்டில், எந்த விரலில் என்பது முடிவாகட்டும். அந்தச் சுரத்தை உச்சியில் வைத்துக்கொண்டு, அதற்குக் கீழே எட்டுகிற கார்டு எது என்று பிறகு பார்க்க வேண்டும். இந்தக் கட்டுரையின் ஒவ்வொரு படியும் இந்த வரிசையில்தான் போகிறது.

ஒரே விரலைப் படுக்க வைத்துப் பல கம்பிகளை அழுத்தும் பேர் கார்டு ஓரளவு சுத்தமாக விழுந்தால் போதும், தொடங்கலாம். ஃப்ரெட் போர்டில் முதல் இரண்டு கம்பிகளின் சுரங்கள் 12ஆம் ஃப்ரெட் வரை மனப்பாடமாக இருக்க வேண்டும். இதில் மட்டும் சலுகை கிடையாது. இங்கே முதல் கம்பி என்றால் மெல்லிய ஈ. ஆறாவது என்றால் தடித்த ஈ.

கருவி

ஜாஸ் என்றதும் குடைந்த உடல் கொண்ட எலெக்ட்ரிக் கிட்டார்தான் வேண்டும் என்று நினைத்து, வாங்க முடியாமல் தள்ளிப்போட வேண்டாம். இருப்பதிலேயே பழகலாம். நைலான் கம்பி கிளாசிக்கல் கிட்டாரில் கழுத்தின் தலைப்பக்க அகலம் சுமார் 52 மில்லிமீட்டர், ஸ்டீல் கம்பி அகௌஸ்டிக்கில் சுமார் 43. அகலமானதில் கம்பிகள் தள்ளித் தள்ளி இருப்பதால் பக்கத்துக் கம்பியில் விரல் படாமல் பிடிப்பது எளிது, ஆனால் நீட்டிப் பிடிப்பது கடினம். எலெக்ட்ரிக்கில் பிடிப்பது எல்லாவற்றையும்விட எளிது. ஆம்ப்ளிஃபயரில் ட்ரெபிளைக் குறைத்து, கழுத்துப் பக்கத்துப் பிக்கப்பை வையுங்கள். 0.011 அல்லது 0.012 அங்குலக் கனக் கம்பி போடுங்கள், மெல்லிய 0.009 செட்டில் கார்டு பிடிக்கும்போது விரல் அழுத்தத்திலேயே சுருதி ஏறிவிடும்.

கம்பியின் உயரத்தைக் கட்டாயம் பாருங்கள். 12ஆம் ஃப்ரெட்டில் ஆறாவது கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடைவெளி எலெக்ட்ரிக்கில் 2, அகௌஸ்டிக்கில் 2.5 மில்லிமீட்டர் அளவில் இருந்தால் நல்லது. அதற்கு மேல் போனால் நாலு விரல் கார்டில் சுண்டு விரலுக்கு வலுவே மிஞ்சாது. மெட்டு பெரும்பாலும் அந்தச் சுண்டு விரலில்தான் இருக்கும். அண்ணா சாலைக் கடைகளில் வாங்குகிறவர்கள் அங்கேயே செட்டப் செய்யச் சொல்லி, 12ஆம் ஃப்ரெட்டில் அழுத்திய சுரமும் அதே இடத்து ஹார்மோனிக்கும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ட்யூனரில் பார்த்து வாங்குங்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் மேலே பிடிக்கிற கார்டு எதுவுமே சேராது. பிழை கையில்தான் என்று நினைத்து மாதக்கணக்கில் வீணாக வருந்துவீர்கள்.

பெசன்ட் நகர், திருவான்மியூர் போலக் கடலோரத்தில் இருப்பவர்களுக்கு ஸ்டீல் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். வாசித்து முடித்ததும் பழைய பருத்தி வேட்டித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் மேலும் கீழும் துடையுங்கள். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு இருக்கட்டும். ஏசி அறையிலிருந்து வெளியே எடுத்ததும் பத்து நிமிடம் விட்டுச் சுருதி சேருங்கள்.

மெட்டை மேலே ஏற்றுதல்

ஜாஸ் பாடல்கள் பெரும்பாலும் லீட் ஷீட்டாகத்தான் கிடைக்கும்: மெட்டு ஸ்டாஃப் நொட்டேஷனில், மேலே கார்டின் பெயர். புதியவர்கள் பலரும் விழும் குழி ஒன்று இங்கே இருக்கிறது. கிட்டார் எழுதியதைவிட ஒரு ஆக்டேவ், அதாவது ஒரு ஸ்தாயி, கீழே ஒலிக்கும் கருவி. தாளில் உள்ள நடு சியை கிட்டார் முறைப்படி வாசித்தால் அது ஐந்தாவது கம்பியின் 3ஆம் ஃப்ரெட். மெட்டு அங்கே கிடந்தால் கார்டு வைக்க அதற்குக் கீழே இடமே இருக்காது. ஆகவே முழு மெட்டையும் ஒரு ஆக்டேவ் மேலே ஏற்றுங்கள். அதே சி இரண்டாவது கம்பியின் 1ஆம் ஃப்ரெட்டுக்கு வந்துவிடும்.

ஏற்றிய பிறகும் மெட்டின் மிகத் தாழ்ந்த சுரம் மூன்றாவது கம்பியின் திறந்த ஜிக்குக் கீழே போனால் ஸ்கேலை மாற்றுங்கள். பாடகரின் குரல் உங்களைக் கட்டுப்படுத்தவில்லை. கைக்கு வசதியான ஸ்கேலை எடுக்கலாம்.

நாலு பார் பயிற்சி

எல்லாப் படிகளையும் ஒரே சின்ன மெட்டில் செய்து பார்ப்போம். ஸ்கேல் சி மேஜர், பார் என்கிற ஒரு தாளச் சுற்றுக்கு நாலு அடி. மெட்டு முழுக்க முதல் கம்பியில்.

முதல் பார், டி மைனர் 7: ஏ (5ஆம் ஃப்ரெட்) இரண்டு அடி, சி (8ஆம் ஃப்ரெட்) ஒரு அடி, மறுபடி ஏ ஒரு அடி.
இரண்டாம் பார், ஜி 7: பி (7ஆம் ஃப்ரெட்) மூன்று அடி, ஏ ஒரு அடி.
மூன்றாம் பார், சி மேஜர் 7: ஜி (3ஆம் ஃப்ரெட்) மூன்று அடி, ஏ ஒரு அடி.
நாலாம் பார், சி: சி (8ஆம் ஃப்ரெட்) நாலு அடியும்.

சியை ஷட்ஜமாக வைத்துக்கொண்டால் சங்கராபரணத்தில் த, மேல் ச, த, நி, த, ப, த, மேல் ச. முதலில் வாயால் பாடுங்கள். பாட வராத மெட்டு விரலில் வராது.

டி மைனர் 7, ஜி 7, சி மேஜர் 7 என்ற இந்த மூன்று கார்டுகளும் ஜாஸின் அடிப்படை நகர்வு: ஸ்கேலின் இரண்டாம், ஐந்தாம், ஒன்றாம் சுரங்களில் எழும் கார்டுகள். கர்நாடக இசை தெரிந்தவர்களுக்கு ஒரு வசதி உண்டு. டியிலிருந்து கரகரப்ரியா, ஜியிலிருந்து ஹரிகாம்போஜி, சியிலிருந்து சங்கராபரணம் மூன்றுக்கும் சுரங்கள் ஒன்றே. கிரக பேதத்தில் ஆதாரம் மட்டும் மாறுகிறது. டி மைனர் 7, ஜி 7, சி மேஜர் 7 மூன்றும் இந்த மூன்று ஆதாரங்களின் மேல் எழுப்பிய கார்டுகள்தான்.

*படி 1.* மெட்டு மட்டும், மெட்ரோனோம் நிமிடத்துக்கு 60 தட்டில். இடது கை எந்த விரலை வைக்கிறது என்பதை இப்போதே நிலையாக்குங்கள்.

*படி 2.* மெட்டும் கீழே ஒரே ஒரு ஆதார சுரமும், அதாவது கார்டின் பெயரில் உள்ள சுரம். ஏவோடு நாலாவது கம்பியைத் திறந்தபடி மீட்டினால் டி. பியோடு நாலாவது கம்பியின் 5ஆம் ஃப்ரெட், அது ஜி. மூன்றாம் பாரில் ஐந்தாவது கம்பியின் 3ஆம் ஃப்ரெட், சி. கடைசிப் பாரில் ஆறாவது கம்பியின் 8ஆம் ஃப்ரெட், அதுவும் சி. ஒவ்வொரு பாரின் முதல் அடியில் மட்டும் இரண்டையும் கிள்ளி, மற்ற அடிகளில் மெட்டைத் தனியாக விடுங்கள். இந்த இரண்டு இழைகளிலேயே பாட்டின் உருவம் முழுக்கத் தெரியும். பலர் இதை எளிது என்று தாண்டிவிடுகிறார்கள். கொஞ்சம் நின்று கேளுங்கள். காது இங்கேதான் பழகுகிறது.

*படி 3.* ஆதார சுரத்தை விட்டுவிடலாம். ஒரு கார்டு மேஜரா மைனரா, செவன்த்தா என்று சொல்வது அதன் மூன்றாம், ஏழாம் சுரங்கள்தான். மெட்டோடு அவற்றைச் சேர்த்தால் மூன்றே சுரத்தில் கார்டு முழுமையாகக் கேட்கும்.

டி மைனர் 7: நாலாவது கம்பி 3, மூன்றாவது கம்பி 5, முதல் கம்பி 5.
ஜி 7: நாலாவது கம்பி 5, இரண்டாவது கம்பி 6, முதல் கம்பி 7. இதில் மெட்டே மூன்றாம் சுரமாக இருப்பதால் கீழே ஆதார சுரம் வந்து உட்கார்ந்துகொள்கிறது.
சி மேஜர் 7: நாலாவது கம்பி 2, மூன்றாவது கம்பி 4, முதல் கம்பி 3.
கடைசி சி: நாலாவது கம்பி 7, மூன்றாவது கம்பி 9, முதல் கம்பி 8.

நடுவில் விடுபட்ட கம்பி ஒலிக்கக் கூடாது. முதல் கார்டில் மூன்றாவது கம்பியை அழுத்தும் விரலின் சதை இரண்டாவது கம்பியை லேசாகத் தொட்டால் அது அடங்கிவிடும். விரலால் கிள்ளி வாசிப்பவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை. வேண்டிய கம்பிகளை மட்டும் கிள்ளினால் போதும்.

*படி 4.* நாலு சுரக் கார்டு. நாலாவது கம்பியிலிருந்து முதல் கம்பி வரை ஃப்ரெட் எண்களை வரிசையாக எழுதினால்:

டி மைனர் 7: 3-5-3-5. ஆள்காட்டி விரல் 3ஆம் ஃப்ரெட்டில் பேர், மோதிர விரல் மூன்றாவது கம்பி, சுண்டு விரல் மெட்டு.
ஜி 7: 5-7-6-7. ஆள்காட்டி, மோதிரம், நடு, சுண்டு என்ற வரிசை.
சி மேஜர் 7: 2-4-1-3. நடு விரல், சுண்டு, ஆள்காட்டி, மோதிரம். முதல் வாரம் கை மறுக்கும். கட்டை விரலைக் கழுத்தின் பின்புறம் நடுவுக்கு இறக்கினால் வழிக்கு வரும்.
சி 6: 7-9-8-8. ஆள்காட்டி, சுண்டு, நடு, மோதிரம்.

இவற்றுக்கு டிராப் 2 என்று பெயர். நாலு சுரங்களை நெருக்கமாக அடுக்கி, மேலிருந்து இரண்டாவதை ஒரு ஆக்டேவ் கீழே இறக்கினால் கிடைக்கும் அடுக்கு இது. நெருக்கமான அடுக்கு பியானோ கைக்குச் சரி. கிட்டாரில் பெரும்பாலும் எட்டாது. டிராப் 2 நாலு பக்கத்துக் கம்பிகளில் அப்படியே உட்காரும்.

ஒவ்வொரு கார்டுக்கும் நாலு உச்சி

மெட்டில் எந்தச் சுரம் வந்தாலும் அதை உச்சியில் வைத்த பிடி கையில் இருக்க வேண்டும். சி மேஜர் 7க்கு: உச்சியில் ஜி வேண்டுமானால் 2-4-1-3, பி வேண்டுமானால் 5-5-5-7, சி வேண்டுமானால் 9-9-8-8, ஈ வேண்டுமானால் 10-12-12-12.

டி மைனர் 7க்கு உச்சி ஏ என்றால் 3-5-3-5, சி என்றால் 7-7-6-8, டி என்றால் நாலு கம்பியிலும் 10, எஃப் என்றால் 12-14-13-13. ஜி 7க்கு உச்சி ஜி 3-4-3-3, பி 5-7-6-7, டி 9-10-8-10, எஃப் 12-12-12-13.

பன்னிரண்டையும் ஒரே மூச்சில் மனப்பாடம் செய்தால் இரண்டு நாளில் மறந்துபோகும். ஒரு நாளுக்கு ஒரு கார்டு எடுத்து, முதல் கம்பியின் சுரத்தை வாய்விட்டுச் சொல்லியபடியே நாலு பிடிகளிலும் ஏறி இறங்குங்கள். பிடியின் வடிவம் கைக்குத் தெரிந்தால் மட்டும் போதாது, உச்சியில் இருப்பது கார்டின் எத்தனையாவது சுரம் என்பது தலைக்கும் தெரிய வேண்டும். அது தெரிந்தவருக்கு அடுத்த பாட்டு பாதி நேரத்தில் முடியும்.

9-9-8-8ஐ ஒரு முறை மெதுவாக மீட்டிக் கேளுங்கள். அடியில் பி, உச்சியில் சி. அரை ஸ்வர இடைவெளியில் உள்ள இரண்டு சுரங்கள் ஒரு ஆக்டேவ் தள்ளி மோதுகின்றன, மெட்டு கலங்கிப்போகிறது. அதனால்தான் பயிற்சியின் கடைசியில் 7-9-8-8 வைத்தோம். ஏழாம் சுரமான பிக்குப் பதில் ஆறாம் சுரமான ஏ. மேஜர் 7 கார்டில் மெட்டு ஆதார சுரத்தில் நின்றால் மேஜர் 6ஆக மாற்றுங்கள். லீட் ஷீட்டில் மேஜர் 7 என்று எழுதியிருந்தாலும் மாற்றுங்கள். சி மேஜர் 7இன் மேல் மெட்டு எஃப்பில் நீண்டு நின்றாலும் இதே வகை மோதல்தான், அப்போது கார்டிலுள்ள ஈயோடு. அந்த இடத்தில் டி மைனர் 7 பிடித்துவிட்டு, மெட்டு நகரும்போது சிக்குத் திரும்புங்கள்.

வலது கை

மூன்று வழிகள் உண்டு. பிக்கால் மேலிருந்து கீழாகச் சரித்து வாசிப்பது ஒன்று: கை கடைசியாக மெட்டுக் கம்பியில் வந்து முடிவதால் மெட்டு தானாகவே எடுபடும். ஜாஸ் கிட்டார் கலைஞர் வெஸ் மாண்ட்கோமரி பிக்கே இல்லாமல் கட்டை விரலாலேயே வாசித்தவர். அந்த மென்மையான ஒலி வேண்டுபவர்கள் அதைப் பழகலாம். மூன்றாவது, கட்டை விரல் நாலாவது கம்பிக்கு, ஆள்காட்டி மூன்றாவதுக்கு, நடு விரல் இரண்டாவதுக்கு, மோதிர விரல் முதல் கம்பிக்கு என நாலு விரலாலும் கிள்ளுவது. தனியாக வாசிக்க நினைப்பவர்களுக்கு இந்த மூன்றாவது வழியையே சொல்வோம். ஒவ்வொரு சுரத்தின் ஓசையும் தனித்தனியாகக் கட்டுப்பாட்டில் இருக்கும். தனி கிட்டாருக்குப் பெயர்பெற்ற ஜோ பாஸும் விரலால் நிறைய வாசித்தவர்.

விரலால் கிள்ளும்போது மோதிர விரல்தான் எல்லாவற்றிலும் பலவீனம், மெட்டோ அதன் பொறுப்பில். ஒரு பயிற்சி: 3-5-3-5 பிடித்து, நாலு கம்பியையும் ஒன்றாகக் கிள்ளி, முதல் கம்பி மட்டும் உரக்கவும் மற்றவை முணுமுணுப்பாகவும் வருமாறு பத்து முறை. பிறகு நடு விரல் கம்பி மட்டும் உரக்க, பத்து முறை. தினமும் ஐந்து நிமிடம். அடுக்குமாடியில் இரவில் வாசிப்பதற்கும் இந்தப் பயிற்சி ஏற்றது. எல்லாமே மெதுவாகத்தான் இருக்கும்.

எங்கே தவறுகிறது

எல்லாச் சுரத்துக்கும் கார்டு வைப்பது முதல் தவறு. கை இடம் மாறும் ஒவ்வொரு முறையும் தாளம் கொஞ்சம் நிற்கிறது, கேட்பவருக்குப் பாட்டு நொண்டுவதாகத் தோன்றுகிறது. பாருக்கு ஒரு கார்டு, அதுவும் முதல் அடியில். இதில் நாலு பாரும் தடங்காமல் ஓடிய பிறகு மட்டும் கூட்டுங்கள். ஒரு இடம் தொடர்ந்து தடங்கினால் அங்கே கார்டில் ஒரு சுரத்தை நீக்குங்கள். கார்டு மெலிந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். தாளம் நின்றால் எல்லோருக்கும் தெரியும்.

அடுத்தது, மெட்டின் சுரம் முழு நேரமும் ஒலிக்காமல் அறுந்துபோவது. கார்டை விடும்போது எல்லா விரலும் சேர்ந்து எழுந்துவிடுகின்றன. இரண்டாம் பாரில் பி மூன்று அடி நிற்க வேண்டும். கீழேயுள்ள மூன்று விரல்களை இரண்டாம் அடியில் எடுத்துவிட்டுச் சுண்டு விரலை மட்டும் அழுத்தியபடி வைத்துப் பழகுங்கள். எந்த விரல் எழலாம், எது எழக் கூடாது என்பது கைக்குத் தெரிந்துவிடும்.

மெட்டு இரண்டாவது கம்பிக்கு இறங்கும் பாடல்களில் முதல் கம்பி திறந்து ஒலித்தால் காது அதையே மெட்டு என்று எடுத்துக்கொள்ளும். முதல் கம்பியை ஆள்காட்டி விரலின் அடிப்பகுதியால் தொட்டு அடக்குங்கள்.

ஒலி மந்தமாக, கூழாகக் கேட்டால் அடியில் பாருங்கள்: ஐந்து, ஆறாவது கம்பிகளில் மூன்றாம் சுர இடைவெளியில் இரண்டு சுரங்கள் நெருங்கி நிற்கும். ஒன்றை எடுத்துவிடுங்கள்.

தாளத்துக்கு ஒரு சொல். மெட்ரோனோமை 40இல் வைத்து, அந்தத் தட்டை இரண்டாம், நாலாம் அடிகளாக எண்ணினால் பாட்டு 80இல் ஓடும். சமத்தில் தட்டு விழுந்தே பழகிய கைக்கு முதலில் தலைகீழாகத் தோன்றும். கையில் கிட்டார் இல்லாமல், மெட்டைப் பாடிக்கொண்டே இரண்டிலும் நாலிலும் கை தட்டிப் பழகியபின் கிட்டாரை எடுங்கள்.

இடையில் வரும் சுரங்கள்

நாலு பாரும் தடங்காமல் ஓடுகிறதா? இப்போது நிரப்பலாம். இரண்டாம் பாரின் நாலாம் அடியில் வரும் ஏ தனியாக நிற்கிறது. அதற்கு முதல் பாரின் 3-5-3-5ஐயே வையுங்கள்: பிக்கு 5-7-6-7, ஏவுக்கு 3-5-3-5, ஜிக்கு 2-4-1-3. கார்டுகள் மெட்டோடு சேர்ந்து படியிறங்குவது கேட்கும்.

மூன்றாம் பாரின் கடைசி அடியை இரண்டு அரையடிகளாக உடைத்து ஏ, பி என்று வாசியுங்கள். அடுத்த பாரின் சிக்குப் படியேறலாம். ஏவுக்கு நாலு கம்பியிலும் 5ஆம் ஃப்ரெட் பேர். அது சி 6இன் இன்னொரு பிடி. பிக்கு 6-7-6-7, அது பி டிமினிஷ்ட் 7. பிறகு 7-9-8-8. ஒரு சி 6, நடுவில் ஒரு டிமினிஷ்ட், மீண்டும் சி 6. பியானோ கலைஞர் பாரி ஹாரிஸ் (1929–2021) பல ஆண்டுகள் கற்றுக்கொடுத்த முறையின் சாரம் இது: மேஜர் ஸ்கேலில் ஜிக்கும் ஏவுக்கும் இடையே ஒரு ஜி ஷார்ப்பைச் சேர்த்தால் எட்டுச் சுரம் ஆகிறது, அதில் ஒன்றுவிட்டு ஒன்று எடுத்தால் ஒரு வரிசை சி 6, மற்றது டிமினிஷ்ட். மெட்டில் சி, ஈ, ஜி, ஏ வந்தால் முதலாவது. டி, எஃப், ஜி ஷார்ப், பி வந்தால் இரண்டாவது. டிமினிஷ்ட் பிடி மூன்று ஃப்ரெட்டுக்கு ஒரு முறை அப்படியே திரும்ப வருவதால் ஒரே வடிவம் கற்றால் போதும். மெட்டு படிப்படியாக ஏறி இறங்கும் இடமெல்லாம் இது கைகொடுக்கும்.

சங்கராபரணத்திலோ கல்யாணியிலோ அமைந்த, காதுக்குப் பழகிய மெட்டை எடுத்து இதே முறையில் கார்டு வைக்கப் பலருக்கும் ஆசை வரும். தாராளமாகச் செய்யுங்கள். சுரம் நேராக நிற்கும் மெட்டாக மட்டும் தேர்ந்தெடுங்கள். கமகத்தில் அசைந்துகொண்டே இருக்கும் சுரத்தின் அடியில் அசையாத கார்டை வைத்தால் இரண்டும் கெடும். அப்படிப்பட்ட இடத்தில் கார்டை அசைவுக்கு முன்பே மீட்டி விட்டுவிட்டு, கமகத்தைத் தனிக் கம்பியில் பிடியுங்கள்.

ஒரு நாளுக்கு முப்பது நிமிடம் என்றால் ஐந்து நிமிடம் வலது கைப் பயிற்சி, பத்து நிமிடம் ஒரு கார்டின் நாலு பிடிகள், மிச்சம் முழுக்கப் பாட்டு. வாரத்துக்கு ஒரு முறை செல்பேசியில் பதிவு செய்து, கிட்டாரைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள். பாட்டைத் தெரியாத ஒருவரிடம் போட்டுக் காட்டி மெட்டை முணுமுணுக்கச் சொல்லுங்கள். அவர் எந்தப் பாரில் தடுமாறுகிறாரோ அந்தப் பாரில் கார்டைக் குறையுங்கள்.

பிறகு இந்த நாலு பாரையும் அப்படியே மூன்று ஃப்ரெட் மேலே தள்ளினால் ஈ ஃப்ளாட் ஸ்கேல்: 6-8-6-8, 8-10-9-10, 5-7-4-6, 10-12-11-11. திறந்த கம்பி எதுவும் இல்லாததால் படி 4இன் பிடிகள் எல்லாமே இப்படி நகரும். மேல் ஃப்ரெட்டுகளில் இடைவெளி குறுகுவதால் 2-4-1-3 வடிவம் இங்கே எளிதாகப் பிடிபடும். சியில் கை மறுத்தவர்கள் இங்கே பழகிவிட்டு ஒரு ஃப்ரெட், ஒரு ஃப்ரெட்டாகக் கீழே இறங்கலாம்.